கோட்டுக்குக் கீழே

ஜூன் 4

அக்காவுக்கு,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் போன் நம்பரை நான் அழித்தேன், நீ நம்பரையே மாற்றிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். ஆக, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்து முடித்திருக்கிறோம். நீ வீடும் மாறிவிட்டாயாம், புது விலாசம் என்னிடம் இல்லை. எதை விட்டாலும் அந்த ஆஸ்பத்திரி லேபை மட்டும் நீ விட்டிருக்க மாட்டாய் என்று தெரியும், அதனால் அங்கேயே போடுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. சமாதானம் பேச எழுதவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும், அது தெரிந்த ஆள் எனக்கு நீ ஒருத்திதான்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முந்தாநாள். பிறக்க வேண்டியது செப்டம்பர் நடுவில். இருபத்தைந்து வாரம்தான் ஆகிறது, எடை எழுநூற்றுப் பத்து கிராம். கம்பெனியில் சட்டை சரிபார்த்துக்கொண்டு நின்றேன், இடுப்பில் ஒரு பிடிப்பு. இருக்கிற அடுக்கை முடித்துவிட்டு உட்காரலாம் என்று நினைத்தேன். அடுக்கு முடியவில்லை.

இங்கே நர்ஸ்கள் அவளை 'எழுநூறு' என்று கூப்பிடுகிறார்கள். "எழுநூறு இன்னிக்கு நல்ல பிள்ளையா இருக்கா," என்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். தலையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பக் கூடாதாம். இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அணைத்து வைத்திருக்கிறார்கள். துணி மாற்றும்போது காலைத் தூக்கக் கூடாது, தூக்கினால் ரத்தம் மண்டைக்கு ஏறுமாம். பெட்டி மேல் தட்டக் கூடாது, பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசக் கூடாது. மூளைக்குள் இருக்கிற ரத்தக் குழாய் நனைந்த காகிதம் மாதிரி, எப்போது வேண்டுமானாலும் கசியும், முதல் மூன்று நாள்தான் ரொம்பப் பயம் என்று டாக்டரம்மா சொன்னார். இன்று இரண்டாவது நாள். நீ இதைப் படிக்கும்போது அந்த மூன்று நாள் முடிந்துபோயிருக்கும். என்ன ஆனதென்று உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருக்கும். அப்படியும் எழுதுகிறேன், சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நேற்று ரத்தம் உறைகிறதா என்று பார்க்க எடுத்தார்கள். நீல மூடி போட்ட சின்ன ட்யூப். ஒரு மணி நேரத்தில் நர்ஸ் மறுபடியும் ஊசியோடு வந்தாள். லேபில் இருக்கிற அம்மா, ரத்தம் கோடு வரைக்கும் வரவில்லை, இது ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். மறுபடியும் குத்தினார்கள். என் சுண்டு விரல் அவள் கையை விடத் தடிமன் அக்கா. எவளோ ஒருத்தி ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, கோடு என்கிறாள், அளவு என்கிறாள். நானும் ஒரு நாளைக்கு நூறு சட்டையைத் திருப்பி அனுப்புகிறவள்தான். சட்டைக்கு வலிக்காது.

கேள்வி இதுதான். இரண்டாவது ட்யூபுக்கு வந்த ரிப்போர்ட்டில் எழுபத்தெட்டு வினாடி என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வரை இருக்கலாம் என்று அச்சடித்திருக்கிறது. நட்சத்திரம் வேறு. என்ன அர்த்தம்? யாரைக் கேட்டாலும் 'டாக்டர் சொல்லுவாங்க' என்கிறார்கள்.

உன்னை வரச் சொல்லவில்லை. பதில் மட்டும் போடு. தாய்மார் அறை, நான்காம் கட்டில் என்று எழுதினால் வந்துவிடும்.

தங்கை


ஜூன் 7

தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அந்த எண், ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்பது. முப்பத்தைந்து வரை என்று அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கு. இருபத்தைந்து வாரக் குழந்தைக்கு ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள் முழுதாக உற்பத்தியாகியிருக்காது. அதே நேரம் உறையவிடாமல் தடுக்கும் பொருட்களும் குறைவாகவே இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரி சமாளித்துக்கொள்ளும். எழுபத்தெட்டு என்பது இந்த வாரத்துக் குழந்தைகளிடம் சாதாரணமாகப் பார்க்கிற எண்தான். மெஷினுக்கு வயது தெரியாது, முப்பத்தைந்தைத் தாண்டினால் நட்சத்திரம் போடும். குறைமாதக் குழந்தைகளுக்கான அட்டவணை அங்கே வைத்திருக்கிறார்களா என்று கேள். எங்கள் லேபிலேயே இரண்டு வருடத்துக்கு முன்புதான் வந்தது.

லேபில் இருக்கும் அந்த அம்மாவைத் திட்டாதே. நீல மூடி ட்யூபுக்குள் ரத்தத்தை உறையாமல் வைக்கிற திரவம் முன்பே அளந்து விட்டிருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. ரத்தம் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் திரவம் அதிகமாகிவிடும், மெஷின் பொய் சொல்லும், உறையவே உறையாத ரத்தம் மாதிரி காட்டும். அதை நம்பி யாராவது வைத்தியம் செய்வார்கள். உன் குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே அறுபது மில்லிதான், அவளிடம் ஒரு மில்லி எடுப்பது உன்னிடம் எண்பது மில்லி எடுப்பதற்குச் சமம். இது தெரிந்தும் திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் அனுப்பியிருப்பாள்.

தலையை நேராக வைத்திருப்பது, காலைத் தூக்காமல் இருப்பது எல்லாம் சரியாகச் செய்கிறார்கள். பால் எடுக்கிறாயா? ஒரு சொட்டு வந்தாலும் கொடு.

மற்ற விஷயங்களைப் பற்றி எழுத இப்போது என்னால் முடியவில்லை. இதை ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான்கு நாற்காலி, ஒரு குளிர்பெட்டி, நான். போன் எண்ணை எழுதவில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருக்கிறாய். ஆனாலும் மூன்று தடவை படித்தேன். நட்சத்திரத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்ததில் அன்றைக்கு மட்டும் சோறு இறங்கியது.

மூன்று நாள் முடிந்தது, எழுநூறு இருக்கிறாள். ஆனால் ஐந்தாம் தேதி உச்சந்தலையில் கருவியை வைத்து ஸ்கேன் பார்த்தார்கள். இடது பக்கம் சின்னதாக ஒரு கசிவு. நாலு நிலை உண்டாம், இது முதல் நிலை, நிறையக் குழந்தைகளுக்கு இது தானாகவே வற்றிப்போகும் என்றார்கள். சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நேற்று மறுபடி பார்த்தார்கள். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு, உறுதியா சொல்ல முடியலை. பதினாறாம் தேதி திரும்பப் பார்ப்போம்," என்றார். அந்த 'மாதிரி' என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஆறு நாள் என்ன செய்வது?

இந்த அறையில் ஆறு கட்டில். எல்லோருடைய பிள்ளையும் உள்ளே பெட்டியில். நாங்கள் வெளியே வரிசையாகப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறோம். ஒருத்தரை ஒருத்தர் பிள்ளையின் எடையைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. நேற்று ஐந்தாம் கட்டில்காரி போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். பால் பிழிகிற பாத்திரத்தை மட்டும் கட்டிலடியிலேயே விட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் லாரியோடு போய் எட்டு நாளாகிறது. பாதி வழியில் இறக்கிவிட்டு வர முடியாத சரக்காம். போன் செய்தால் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்க வந்தது வேறு. இரண்டாம் கட்டில்காரியின் பிள்ளைக்கு முதலில் இருந்த ஆஸ்பத்திரியில் பிளாஸ்மா ஏற்றினார்களாம், ரத்தம் உறைவதற்கு. உன் பிள்ளைக்கும் ஏற்றினார்கள் என்று அத்தான் அப்போது சொன்னது நினைவிருக்கிறது. டாக்டரம்மாவிடம் கேட்டேன், மாட்டேன் என்கிறார். "எண்ணுக்கு வைத்தியம் பண்ண மாட்டோம்மா, குழந்தைக்குத்தான் பண்ணுவோம். அவ ரத்தம் அவ வயசுக்குச் சரியாத்தான் உறையுது. இத்தனூண்டு உடம்புக்குள்ள தேவையில்லாம ஏத்தினா அதுவே பாரம்." பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்கு இருபது பிள்ளை, எனக்கு ஒன்று.

தலைமை டாக்டருக்கு மனு எழுதிக் கொடுத்தால் நடக்கும் என்று இரண்டாம் கட்டில்காரி சொல்கிறாள். என் வீட்டுக்காரரின் முதலாளிக்கும் அவரைத் தெரியும், சொல்லச் சொல்லலாம். உன் பிள்ளைக்கு ஏற்றியும் போய்விட்டான், எனக்குத் தெரியும். ஆனால் ஏற்றாமல் இவள் போய்விட்டால், கேட்டிருக்கலாமே, கேட்டிருக்கலாமே என்று சாகிற வரைக்கும் மண்டையைக் குடையும். நீ சொல்லு. கேட்கட்டுமா? பதினாறாம் தேதி வரை பொறுக்கிறேன்.

தங்கை


ஜூன் 13, விரைவுத் தபால்

தங்கைக்கு,

பிளாஸ்மா கேட்காதே. யாரையும் வைத்துச் சொல்லவும் சொல்லாதே. டாக்டரம்மா சொல்வதைக் கேள்.

காரணத்தை நாளை எழுதுகிறேன். இன்று எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

அக்கா


ஜூன் 14

தங்கைக்கு,

நான்காவது தாள் இது. கிழிக்காமல் முடிக்கப் பார்க்கிறேன்.

உனக்குத் தெரிந்தது இவ்வளவு. எனக்கு இருபத்தாறாவது வாரத்தில் பையன் பிறந்தான். எழுநூற்று நாற்பது கிராம். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே. நான்காவது நாள் மூளையில் ரத்தம் கசிந்து போய்விட்டான். அதற்கு அடுத்த வாரம் நீ வீட்டுக்கு வந்தாய். என் அழுகை நிற்கவில்லை, உனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, வாசற்படியில் நின்று, "வேலை வேலைன்னு நின்னு நின்னுதானே பிள்ளையைத் தொலைச்சே," என்றாய். நான் கதவைச் சாத்தினேன். நான்கு வருடம் திறக்கவில்லை.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. அத்தானுக்கும் தெரியாது.

அவன் பிறந்த மறுநாள் மதியம். மேலே வார்டில் மற்ற குழந்தைகளின் அழுகையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே லேபுக்கு வந்தேன். அங்கேதான் எனக்கு உட்காரத் தெரியும். என்னோடு வேலை பார்க்கிறவள், "அக்கா, அஞ்சு நிமிஷம் பாத்துக்கோங்க, சாப்பிட்டு வந்துடறேன்," என்று போனாள். போன கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது. ஐந்தாறு ட்யூப். அதில் ஒன்று நீல மூடி. சீட்டில் என் பெயர், அதற்கு முன்னால் 'குழந்தை' என்று போட்டிருந்தது.

அதுவரை நான் அவனைத் தொட்டதில்லை. நர்ஸ் கையை உள்ளே விடச் சொன்னாள், எனக்குப் பயம், நாளைக்குத் தொடுகிறேன் என்றேன். அந்த ட்யூபைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. அப்போதுதான் எடுத்த ரத்தம். அவன் உடம்புச் சூடு.

தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர். அளக்கவே வேண்டாம், என் கண்ணுக்குத் தெரியும். அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். பதிவேட்டில் எழுதி, திருப்பி அனுப்பியதாகக் குறித்து, ட்யூபைச் சிவப்புக் கழிவுக் கூடையில் போட வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேருடைய குழந்தையின் ரத்தத்தை அப்படிப் போட்டிருக்கிறேன். அன்று எனக்குக் கை வரவில்லை.

மறுபடி அவனைக் குத்துவார்கள், அதனால்தான் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் உன்னிடம் எழுதுவதால் சொல்கிறேன், அது சூடாக இருந்தது, என்னால் கூடையில் போட முடியவில்லை. அவ்வளவுதான். மெஷினில் வைத்தேன். நூற்று எழுபது வினாடி என்று வந்தது. பொய் எண் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். சாயங்காலம் பிளாஸ்மா ஏற்றினார்கள். மறுநாள் இரண்டு பக்கமும் கசிவு. யாரும் ட்யூபைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ வாசற்படியில் சொன்னது பொய். நின்று வேலை பார்த்ததால் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் நான் செய்தது நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் உன்னைப் பார்க்க முடியாமல் போனது. அத்தானையும் பார்க்க முடியவில்லை. அவர் வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டபோது, போகாதீர்கள் என்று சொல்ல வாய் எழவில்லை. இப்போது மாதம் ஒரு முறை பேசிக்கொள்கிறோம், மின்சார பில்லைப் பற்றி.

உன் பெண்ணின் எழுபத்தெட்டு உண்மையான எழுபத்தெட்டு. இரண்டு முறை குத்தி வாங்கிய எண். அந்த அம்மா செய்ததை நான் செய்யவில்லை. அதனால்தான் கேட்காதே என்றேன்.

இதைப் படித்துவிட்டு நீ பதில் போடாமல் இருந்தால் எனக்குப் புரியும்.

அக்கா


ஜூன் 16, காலை

அக்காவுக்கு,

உன் விரைவுத் தபால் நேற்று வந்தது. கேட்காதே, டாக்டரம்மா சொல்வதைக் கேள். அவ்வளவுதானா? இதற்கா விரைவுத் தபால்? ஆறு நாளாக ஜன்னல் பக்கமே கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தபால் பை வருகிறதா என்று. காரணம் நாளைக்காம். எனக்கு நாளை என்று ஒன்று இருக்கிறதா?

உனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், எழுதியதை அடித்துத் திருத்த மாட்டேன். உன் பிள்ளை தங்கவில்லை, அதனால் என் பிள்ளையும் தங்கக் கூடாது. இல்லாவிட்டால் இப்படிக் கல் மாதிரி நாலு வார்த்தை எழுதுவாயா? முதல் கடிதத்திலும் அப்படித்தான். எவளோ லேப்காரிக்காக வக்காலத்து வாங்கினாய், எனக்கு ஒரு ஆறுதல் வார்த்தை எழுதவில்லை. அன்றைக்கு வாசற்படியில் சொன்னதற்காக இத்தனை வருஷம் வருந்தினேன். இனி வருந்த மாட்டேன். உனக்குப் பெற்ற பிள்ளையை விட அந்த லேப்தான் பெரிசு. ரத்தம் உன் கையில் வந்தாலும் நீ எண்ணைத்தான் பார்ப்பாய்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். இன்று ஸ்கேன். முடிந்த கையோடு தலைமை டாக்டரிடம் கொடுப்பேன். உன்னைக் கேட்டது என் தப்பு.

தங்கை என்று கையெழுத்துப் போட இஷ்டமில்லை.


ஜூன் 17

அக்கா,

நேற்று காலை நான் போட்ட கடிதத்தைப் படிக்காதே. வந்தால் அப்படியே கிழித்துப் போடு. உன் பதினான்காம் தேதிக் கடிதம் நேற்று மதியம் வந்தது. அதற்குள் என்னுடையதைத் தபால் பெட்டியில் போட்டுத் தொலைத்துவிட்டேன். படித்து முடித்ததும் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பெட்டியை ஐந்து மணிக்குத்தான் திறப்பார்களாம். ஸ்கேனுக்கு மட்டும் உள்ளே போய்விட்டு, மீதி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்த தபால்காரரிடம் கெஞ்சினேன். "உள்ள போட்டதை எடுத்துக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா," என்றார். என் கடிதம்தான், என் கையெழுத்தைப் பாருங்கள் என்றேன். நல்ல மனுஷன், எனக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், கடிதத்தைக் கொடுக்கவில்லை. பையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

முதலில் எழுநூறைப் பற்றிச் சொல்கிறேன். மெஷின் காலியாக இல்லை என்று ஸ்கேனை மூன்று மணிக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே மனுவைக் கிழித்துவிட்டேன். நல்ல செய்தி வந்த பிறகு கிழித்தேன் என்று நீ நினைக்கக் கூடாது, அதனால் சொல்கிறேன். என்ன வரும் என்று தெரியாமலே கிழித்தேன். மூன்று மணிக்குப் பார்த்தார்கள். கசிவு பெரிதாகவில்லை. ஓரமெல்லாம் வற்ற ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டரம்மா திரையில் தொட்டுக் காட்டினார். இன்னும் பல மாதம் பார்க்க வேண்டும், எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றார். அடித்துச் சொல்லாத டாக்டரை இப்போது எனக்குப் பிடிக்கிறது.

இனி உன் விஷயம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டாய். பதிமூன்று வருஷமாகத் தையலில் பிழை பார்க்கிறவள். உன் இரண்டு கடிதத்தையும் கட்டில் மேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், முன்பக்கமும் பின்பக்கமும் பார்க்கிற மாதிரி. ஏழாம் தேதிக் கடிதத்தில், குறைமாதக் குழந்தைக்கான அட்டவணை எங்கள் லேபிலேயே இரண்டு வருடத்துக்கு முன்புதான் வந்தது என்று எழுதியிருக்கிறாய். உன் பையன் போய் நாலு வருஷம். அப்படியென்றால் அன்றைக்கு அந்த ட்யூப் கோடு வரைக்கும் நிறைந்திருந்தாலும் என்ன வந்திருக்கும்? எழுபதோ எண்பதோ வந்திருக்கும். மெஷின் அதற்கும் நட்சத்திரம் போட்டிருக்கும். அதைப் பார்த்தும் பிளாஸ்மா ஏற்றியிருப்பார்கள். அப்போதெல்லாம் எண்ணைப் பார்த்துத்தானே ஏற்றினார்கள்? நீ நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிற சட்டையில் இந்த இடத்தில் தையலே இல்லை அக்கா.

டாக்டரம்மாவிடமும் கேட்டேன், யாரோ ஒருத்தருடைய குழந்தை என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பிளாஸ்மாவாலதான்னும் சொல்ல முடியாது, அதால இல்லேன்னும் சொல்ல முடியாது. ஏத்தறதுக்கு முன்னாடியே கசிவு ஆரம்பிச்சிருக்கலாம். அந்த வயசுல ரத்தம் நல்லா உறைஞ்சாலும் குழாய் தாங்காது. யார் கிட்டயும் இதுக்கு ஒரே ஒரு காரணம் இருக்காது," என்றார். பிறகு, "அவங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். என் அக்கா என்றேன்.

நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன் அக்கா. எழுநூறு பிறந்த அன்று காலையிலிருந்து மேஜைக்கு முன்னால் நின்றேன். உனக்குச் சொன்ன அந்த வாக்கியம் பதினைந்து நாளாக என்னைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. யாரும் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். எவ்வளவு வலிக்கும் என்று இப்போது தெரிகிறது. என்னை மன்னித்துவிடு. இதைத்தான் முதல் கடிதத்தின் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். அம்மா அப்பா தவிர இன்னும் ஒரே ஒரு ஆள் உள்ளே வரலாம், அந்த ஆளை மாற்ற முடியாது. சேர்ந்த அன்றே கொடுத்துவிட்டார்கள், நான்தான் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தேன். நேற்று சாயங்காலம் உன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் பெரியம்மா என்று எழுதினேன். மாற்ற முடியாது, ஆகவே நீ வரமாட்டேன் என்றால் அந்த இடம் வீணாகப் போகும்.

வந்தால் மோதிரம், வளையல், வாட்ச் எதுவும் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும். பெட்டியில் கதவு மாதிரி ஒரு வட்டம் இருக்கும், அதைத் திறந்து கையை உள்ளே விடலாம். தடவக் கூடாது, தடவினால் அவளுக்கு எரிச்சலாக இருக்குமாம். ஒரு கையைத் தலைமேல் கவிழ்த்து வை, இன்னொரு கையால் பாதம் இரண்டையும் சேர்த்துப் பிடி. பிடித்துக்கொண்டு சும்மா இரு. நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு போய் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சூடாக இருக்கிறாள் அக்கா.

தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

இரண்டு கடிதமும் வந்தன, ஒன்று நேற்று, ஒன்று இன்று. முதலாவதைப் படிக்காதே என்று இரண்டாவதில் எழுதியிருக்கிறாய். நான் எப்போதுமே வந்த வரிசையில்தான் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியாதா? படித்தேன். வலித்தது. நான்கு வருடமாக யாராவது ஒருவர் என்னைத் திட்ட வேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன் போல, படித்து முடித்ததும் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், பிறகு தூங்கிவிட்டேன். ரொம்ப நாள் கழித்து நல்ல தூக்கம்.

நீ கண்டுபிடித்தது சரி. அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டியதே நான்தான். ஒட்டும்போதே எனக்கும் தெரிந்தது. தெரிந்ததால் பாரம் எதுவும் இறங்கிவிடவில்லை. நூற்று எழுபதுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான், அது அப்படியே இருக்கும். ஆனால் இன்னொருத்தர் கையெழுத்தில் அந்த அட்டவணைக் கணக்கைப் பார்த்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அத்தானுக்கும் எழுதியிருக்கிறேன், பில்லைப் பற்றி இல்லாமல். என்ன சொல்வார் என்று தெரியாது.

பத்து நாள் விடுப்பு வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை மதியம் வந்து சேருவேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று தெரியவில்லை, அதனால் என் போன் எண்ணைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நகம் எப்போதும் வெட்டியே இருக்கும். மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டுக் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கவலை. இத்தனை வருடம் லேப் ஏசியில் இருந்து என் கை எப்போதும் ஜில்லென்று இருக்கிறது. பெட்டிக்குள் விடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று நர்ஸிடம் கேட்டு வை.

அக்கா